விரிதாளில் சூத்திரம் எழுதுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் ஆகிய விரிதாள் மென்பொருள்களில் சூத்திரம், அதாவது ஃபார்முலா, எழுதக் கற்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். படிப்பதற்கு எளிதாக இருக்கச் சூத்திரங்களைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பி2 என்பது பி நெடுவரிசையும் 2-ஆம் வரிசையும் சந்திக்கும் கட்டத்தின் முகவரியாகும்.

கேள்வி: நாற்பத்தைந்து வயதில் இப்போதுதான் எக்செல் கற்கத் தொடங்கியிருக்கிறேன். நூற்றுக்கணக்கான ஃபார்முலாக்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எத்தனையை மனப்பாடம் செய்ய வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?
– ஜவுளிக்கடைக் கணக்கர், ஈரோடு

பதில்: ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எக்செலில் நானூற்றுக்கும் மேற்பட்ட சார்புகள் (ஃபங்ஷன், அதாவது சூத்திரத்துக்குள் பெயர் சொல்லி அழைக்கும் ஆயத்தக் கணக்குகள்) இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றுள் பெரும்பகுதி பொறியாளர்களுக்கும் புள்ளியியல் வல்லுநர்களுக்கும் நிதித்துறையினருக்கும் உரியது. ஒரு கடையின் கணக்குக்குப் பத்துப் பன்னிரண்டு சார்புகளே போதும். அவையும் கையாளக் கையாளத் தாமாகவே பழகிவிடும்.

விரிதாள் எதற்காகப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கிருந்து தொடங்குவது என்பது விளங்கும். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் எழுதப்பட்ட கணக்கு அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருப்பதைக் கண்டு, அந்த வேலையைக் கணினியே செய்தால் என்ன என்று எண்ணினார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அன்று முதல் இன்றுவரை விரிதாளின் உயிர்நாடி ஒன்றுதான்: ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்தவை அனைத்தும் தாமே மாற வேண்டும்.

ஆகவே உங்கள் முதல் பயிற்சி இப்படி இருக்கட்டும். பி2-இல் மீட்டர் அளவையும் சி2-இல் மீட்டர் விலையையும் இடுங்கள். டி2-இல் =பி2*சி2 என்று எழுதுங்கள். தொடக்கத்திலுள்ள சமக்குறிதான் இது சூத்திரம் என்பதை மென்பொருளுக்கு உணர்த்துகிறது. இப்போது பி2-இல் உள்ள எண்ணை மாற்றிப் பாருங்கள்; விடை தானே மாறும். இதே இடத்தில் =12*340 என்று எழுதியிருந்தாலும் விடை வந்திருக்கும்; ஆனால் விலை மாறும்போது அது மாறாது. சூத்திரத்துக்குள் எண்ணை எழுதாமல் கட்டத்தின் முகவரியை எழுதும் பழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட வேண்டும். அடுத்ததாகக் கூட்டலுக்குச் சம், சராசரிக்கு ஆவரேஜ், எண்ணிக்கைக்குக் கவுண்ட், நிபந்தனைக்கு இஃப், குறிப்பிட்ட வகையை மட்டும் கூட்டுவதற்குச் சம்இஃப் ஆகியவற்றை உங்கள் கடைக் கணக்கையே வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். வேறொருவரின் மாதிரிக் கோப்பில் கற்பதைவிட, விடை என்ன வர வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்த கணக்கில் கற்பது எப்போதும் மேலானது.

கேள்வி: பொருள்வாரியாக வரி கணக்கிட =பி2*சி2*ஜி1 என்று எழுதினேன். ஜி1-இல் வரி விகிதம் இருக்கிறது. முதல் வரிசையில் விடை சரியாக வருகிறது. அதைக் கீழே இழுத்தால் எல்லாம் 0 ஆகிவிடுகிறது. என்ன பிழை?
– மின்பொருள் கடை உரிமையாளர், விருதுநகர்

பதில்: சூத்திரம் கற்கும் ஒவ்வொருவரும் கடந்தே தீர வேண்டிய இடம் இது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவருக்கு மீதியெல்லாம் எளிது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

டி2 கட்டத்தில் நீங்கள் ஜி1 என்று எழுதியதை மென்பொருள் ‘ஜி1 என்னும் கட்டம்’ என்று நினைவில் கொள்வதில்லை; ‘நான் இருக்கும் இடத்திலிருந்து வலப்புறம் மூன்று நெடுவரிசை தள்ளி, ஒரு வரிசை மேலே’ என்றே கொள்கிறது. வழி கேட்பவரிடம் ‘இங்கிருந்து மூன்றாவது வீடு’ என்று சொல்வதற்கும் கதவு எண்ணைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது நிற்கும் இடம் மாறினால் வேறொரு வீட்டைக் காட்டும். எனவே நீங்கள் கீழே இழுத்தபோது டி3-இல் அது =பி3*சி3*ஜி2 என்று மாறியது. பி3, சி3 என மாறியது உங்களுக்குத் தேவையான மாற்றம். ஜி2 என மாறியது தேவையற்ற மாற்றம். ஜி2 வெற்றுக் கட்டம். வெற்றுக் கட்டத்தைப் பெருக்கலில் 0 என்றே மென்பொருள் கொள்ளும்.

மாறக் கூடாத முகவரிக்கு டாலர் குறியிட வேண்டும்: =பி2*சி2*$ஜி$1. எழுத்துக்கு முன்னுள்ள டாலர் நெடுவரிசையையும், எண்ணுக்கு முன்னுள்ள டாலர் வரிசையையும் நிலைநிறுத்துகின்றன. எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் முகவரியின் மீது இடங்காட்டியை வைத்து எஃப்4 விசையை அழுத்தினால் டாலர் குறிகள் தாமே வரும். மீண்டும் மீண்டும் அழுத்த, இரண்டும் நிலை, வரிசை மட்டும் நிலை, நெடுவரிசை மட்டும் நிலை, எதுவும் நிலையில்லை என்று சுற்றி வரும். மடிக்கணினியில் சில நேரம் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த நேரிடும்.

பாதி நிலை, பாதி மாற்றம் என்னும் வகை எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கு ஒரு பயிற்சி: ஏ2 முதல் ஏ11 வரை கீழ்நோக்கி 1 முதல் 10 வரையும், பி1 முதல் கே1 வரை வலப்புறமாக 1 முதல் 10 வரையும் எழுதுங்கள். பி2-இல் =$ஏ2*பி$1 என்று ஒரே ஒரு சூத்திரம் எழுதி, அதை நூறு கட்டங்களுக்கும் நகலெடுங்கள். பெருக்கல் வாய்பாடு முழுவதும் வந்துவிடும். டாலர் குறிகளில் ஏதேனும் ஒன்றை நீக்கிவிட்டு அதையே மீண்டும் செய்து, எண்கள் எவ்வாறு தவறுகின்றன என்றும் பாருங்கள். கடன் தொகைகள் ஒருபுறமும் வட்டி விகிதங்கள் மறுபுறமும் வைத்து அட்டவணை போடுபவர்களுக்கு இதே அமைப்புதான் பயன்படுகிறது.

விகிதத்தைத் தனிக் கட்டத்தில் வைத்தீர்களே, அது மிகச் சரியான முடிவு. 2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு, சேவை வரியில் 12, 28 சதவீத அடுக்குகள் நீக்கப்பட்டு, பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்கு மாறியபோது, சூத்திரத்துக்குள்ளேயே 0.12, 0.28 என்று எழுதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு சூத்திரத்தையும் தேடித் திருத்த வேண்டியிருந்திருக்கும். ஆனால் இதில் மறுபக்கமும் உண்டு. பழைய விற்பனையும் அதே தாளில், அதே ஜி1-ஐச் சார்ந்து இருந்தால், விகிதத்தை மாற்றிய நொடியில் பழைய கணக்கும் மாறிவிடும். அது கூடாது. எனவே அன்றாட விற்பனைப் பதிவில் வரி விகிதத்துக்கென ஒரு நெடுவரிசை வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் அன்றைய விகிதத்தை எண்ணாகவே பதிந்துவிடுவது பாதுகாப்பானது. தனிக் கட்டம் விலைப்பட்டியலுக்குப் பொருந்தும். முடிந்துபோன பரிவர்த்தனைக்குப் பொருந்தாது.

கேள்வி: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் =இஃப்(சி2>=35,"தேர்ச்சி","தேர்ச்சி இல்லை") என்று எழுதியிருக்கிறேன். தேர்வுக்கு வராத மாணவர்களுக்கு ‘வரவில்லை’ என்று குறித்தால், அவர்களுக்குத் ‘தேர்ச்சி’ என்று காட்டுகிறது! மென்பொருளில் கோளாறா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: கோளாறு இல்லை, ஆனால் உங்கள் வியப்பு நியாயமானது. எண்ணையும் சொல்லையும் ஒப்பிட நேர்ந்தால், எந்தச் சொல்லும் எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது எக்செலின் வரிசைமுறை. ஆகவே ‘வரவில்லை’ என்னும் சொல் 35-ஐவிடப் பெரியதாகி, தேர்ச்சி பெற்றுவிட்டது. கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் அது 0 எனக் கொள்ளப்பட்டுத் ‘தேர்ச்சி இல்லை’ என்று வந்திருக்கும். அதுவும் உண்மையன்று, தேர்வே எழுதாதவரும் எழுதித் தவறியவரும் ஒன்றல்லர்.

முதலில் எண்தானா என்று கேட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடச் செய்யுங்கள்: =இஃப்(இஸ்நம்பர்(சி2),இஃப்(சி2>=35,"தேர்ச்சி","தேர்ச்சி இல்லை"),"வரவில்லை"). இஃப் என்பதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்: ‘சி2 எண்ணாக இருந்தால், அது 35-க்குக் குறையாமல் இருந்தால் தேர்ச்சி, குறைந்தால் தேர்ச்சி இல்லை, எண்ணாகவே இல்லாவிட்டால் வரவில்லை.’ படிக்கும்போது பொருள் தடுமாறினால் சூத்திரமும் தடுமாறுகிறது என்று கொள்ளலாம். தரநிலை வழங்கும்போது நிபந்தனைகளின் வரிசையும் முக்கியம். மென்பொருள் முதலில் நிறைவேறும் நிபந்தனையோடு நின்றுவிடும் என்பதால், 90-இலிருந்து தொடங்கிக் கீழிறங்க வேண்டும். 35-ஐ முதலில் வைத்தால் 95 பெற்ற மாணவிக்கும் கடைசித் தரமே கிடைக்கும்.

சராசரியிலும் இதே கவனம் தேவை. ஆவரேஜ் சார்பு வெற்றுக் கட்டத்தையும் சொற்களையும் ஒதுக்கிவிடும். ஆனால் 0 என்று இட்டால் அதையும் சேர்த்தே வகுக்கும். வராதவருக்கு 0 இடுவதா, சொல் இடுவதா என்பது வகுப்பின் சராசரியையே மாற்றும் முடிவு என்பதால், அதை முன்னரே தீர்மானித்துப் பட்டியல் முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் வந்த சூத்திரத்தை நகலெடுத்து ஒட்டினால், நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கலாம். மென்பொருள் அவற்றை ஏற்காது. அவற்றை மட்டும் அழித்து மீண்டும் தட்டச்சு செய்தால் போதும்.

கேள்வி: விலைப்பட்டியலிலிருந்து விலையை எடுக்க ‘விலுக்கப்’ (VLOOKUP) சார்பைப் பயன்படுத்துகிறேன். பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. ஆனால் சில பொருள்களுக்கு வேறு பொருளின் விலை வந்துவிடுகிறது.
– இரும்புக்கடை ஊழியர், திருச்சி

பதில்: பிழைச்செய்தி வந்திருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள், ஓசையின்றி வரும் தவறான விலைதான் ஆபத்தானது. =விலுக்கப்(ஏ2,ஷீட்2!ஏ:சி,3,0) என்று நான்காவதாக ஒரு 0 இட வேண்டும், அதற்குப் பதிலாக ஃபால்ஸ் என்றும் எழுதலாம். அதை விட்டுவிட்டால், பட்டியல் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொண்டு மென்பொருள் ‘ஏறத்தாழப் பொருந்துவதை’த் தேடும். உங்கள் பட்டியல் அப்படி அடுக்கப்படாமல் இருந்தால் ஏதோ ஒரு விலையைக் கொண்டுவந்து நிறுத்தும்.

0 இட்ட பிறகு சில பொருள்களுக்கு #என்/ஏ என்று வரக்கூடும். அது நல்லதே, பட்டியலில் அந்தக் குறியீடு இல்லை என்று அது உண்மையைச் சொல்கிறது. கண்ணுக்கு இருப்பதுபோல் தெரிந்தும் கிடைக்கவில்லையென்றால், பெயரின் முடிவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். டிரிம் சார்பு அதை நீக்கும். அல்லது ஒரு தாளில் குறியீடு எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் பதிவாகியிருக்கும். எழுத்தாகப் பதிவான எண் பொதுவாகக் கட்டத்தின் இடப்புறம் ஒட்டி நிற்கும்; எண் வலப்புறம் நிற்கும். இஃப்எரர் சார்பைக் கொண்டு #என்/ஏ-வை 0 என்று மறைத்துவிடச் சிலர் கற்றுத் தருகிறார்கள். விலை தெரியாத பொருளை இலவசமாகக் கொடுத்ததாகக் கணக்கெழுதுவதற்கு அது சமம் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

விலைப்பட்டியலின் நடுவே ஒரு நெடுவரிசையைச் செருகினால் விலை மூன்றாம் நெடுவரிசையில் இருப்பதைக் குறிக்கும் 3 என்னும் எண் தவறாகிவிடும் என்பது விலுக்கப்பின் பழைய குறை. எக்ஸ்லுக்கப் சார்பில் அந்தக் குறை இல்லை. நான்காவது 0-வும் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021, கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றிலும் லிப்ரே ஆபிஸ் 24.8 பதிப்பு முதலும் அது கிடைக்கிறது. எக்செல் 2016, 2019 பதிப்புகளில் இல்லை. ஆகவே கோப்பை யாருக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வங்கிக் கணக்கு எண்ணின் தொடக்கத்திலுள்ள சுழியங்கள் மறைந்துவிடுகின்றன. 16 இலக்க எண்ணை இட்டால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறது.
– மகளிர் சுய உதவிக் குழுச் செயலாளர், திண்டுக்கல்

பதில்: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும், அதற்கு மேற்பட்டவை 0 ஆகிவிடும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் அவை திரும்பி வாரா. கூட்டவோ பெருக்கவோ தேவையில்லாத எண்களை எண்ணாகவே பதியாதீர்கள். கட்டங்களுக்கு முதலில் டெக்ஸ்ட் வடிவம் கொடுத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள், அல்லது எண்ணுக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இடுங்கள். தானே மாற்றிவிடும் இந்தப் பழக்கம் அறிவியலாளர்களையும் விடவில்லை. மார்ச்1, செப்ட்1 போன்ற மனித மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிட்டதால், 2020 வாக்கில் அவற்றின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

கேள்வி: தாளில் 10, 10 என்று இரண்டு தொகைகள் இருக்கின்றன, கூட்டல் 21 என்று வருகிறது. தணிக்கையாளர் ஏற்க மறுக்கிறார்.
– நிறுவனக் கணக்குப் பிரிவு, கோயம்புத்தூர்

பதில்: அவர் மறுப்பது சரியே. அந்தக் கட்டங்களில் உண்மையில் 10.40 போன்ற தொகைகள் இருக்கும்; தசம இலக்கங்களைக் குறைத்துக் காட்டும்படி வடிவமைத்ததால் 10 என்று தெரிகிறது. கூட்டல் 20.80, அது 21 என்று தெரிகிறது. வடிவமைப்பு தோற்றத்தை மட்டுமே மாற்றும், மதிப்பை மாற்றாது. மதிப்பையே முழுமையாக்க ரவுண்ட் சார்பு வேண்டும்: =ரவுண்ட்(பி2*சி2,2) என்றால் இரண்டு தசம இலக்கத்துக்கு, 0 என்றால் முழு ரூபாய்க்கு. ஒவ்வொரு வரிசையின் தொகையையும் முழுமையாக்கிக் கூட்டுவதா, கூட்டிய பின் முழுமையாக்குவதா என்பதில் விடை வேறுபடலாம். உங்கள் ரசீதில் எந்த முறை அச்சாகிறதோ அதையே தாளிலும் கொள்ளுங்கள்.

இதோடு தொடர்புடைய மற்றொன்று. =1*(0.5-0.4-0.1) என்று எழுதிப் பாருங்கள். 0 வராது, தசமப் புள்ளிக்குப் பின் பதினாறு சுழியங்கள் கொண்ட மிகச் சிறிய குறை எண் வரும். 0.1, 0.4 போன்ற பின்னங்களைக் கணினியின் இரும முறையில் முழுத் துல்லியத்தோடு எழுத இயலாததே காரணம். வரவும் செலவும் சமமா என்று சூத்திரத்தால் சோதிக்கும்போது, வேறுபாட்டை ரவுண்ட் செய்து 0-உடன் ஒப்பிட்டால் இந்தத் தொல்லை வராது.

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளே சூத்திரம் எழுதித் தருகின்றன. இனியும் கற்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: எழுதித் தருகின்றன, பெரும்பாலும் சரியாகவும் தருகின்றன. ஆனால் உங்கள் தாளில் தரவு எந்த வரிசையில் தொடங்கி எங்கே முடிகிறது, வெற்றுக் கட்டம் உங்கள் கணக்கில் எதைக் குறிக்கிறது என்பனவற்றை நீங்கள் சொன்னாலொழிய அவை ஊகிக்கவே செய்யும். சூத்திரத்தின் பெரிய பிழைகள் எழுத்துப் பிழைகள் அல்ல, எல்லைப் பிழைகள். ஹார்வர்டு பொருளாதார அறிஞர்கள் கார்மன் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதமாகிவிடும் என்றது. பல நாடுகளின் சிக்கன நடவடிக்கை விவாதங்களில் அது மேற்கோள் காட்டப்பட்டது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களின் எக்செல் கோப்பைக் கேட்டுப் பெற்றுத் திறந்து பார்த்தார். சராசரிச் சூத்திரம் 49-ஆம் வரிசை வரை செல்வதற்குப் பதிலாக 44-ஆம் வரிசையில் நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதோடு சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும் சராசரியில் ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு பங்கு (எடை) தருவது என்ற முறையும் சேர்ந்து விடையை மாற்றியிருந்தன. அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் திருத்திக் கணக்கிட்டபோது சராசரி 2.2 சதவீதம் என்று வந்தது.

அந்தச் சூத்திரம் எந்தப் பிழைச்செய்தியையும் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை எழுதியது மனிதரா, செயலியா என்பது இங்கே பொருட்டன்று. படித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆகவே செயலியிடம் சூத்திரம் வாங்கினாலும் சில சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். மனக்கணக்கில் விடை தெரியும்படி நான்கைந்து வரிகள் மட்டும் கொண்ட சிறு தாளில் முதலில் ஓட்டிப் பாருங்கள். வெற்றுக் கட்டம், 0, குறை எண், சொல் ஆகியவற்றை வேண்டுமென்றே இட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சூத்திரக் கட்டத்தில் எஃப்2 அழுத்தினால் அது சார்ந்திருக்கும் கட்டங்கள் வண்ணக் கோடுகளால் சூழப்பட்டுத் தெரியும்; கடைசி வரி அந்தக் கோட்டுக்குள் இருக்கிறதா என்பதைக் கண்ணால் உறுதி செய்யுங்கள். எக்செலில் தரவைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் விசையோடு டி (T) விசையை அழுத்தி டேபிள் ஆக்கிவிட்டால், புதிய வரிகள் சேரும்போது எல்லையும் தானே விரியும். நீண்ட சூத்திரமாக இருந்தால் அதை இரண்டு மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே வரியில் அடக்குவது திறமையாகத் தோன்றினாலும், ஆறு மாதம் கழித்து அதைத் திறப்பவர், அது நீங்களாகவே இருந்தாலும், இடைநிலை விடைகளைக் காண முடியாமல் தவிப்பார்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இன்றும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்திலேயே கோப்புகளைச் சேமிக்கிறோம். பாதகம் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: உண்டு. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே இடம்பெறும். 2007-இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2020 செப்டம்பர் இறுதியில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வடிவத்தில் கையாண்டதால், வரம்பைத் தாண்டியவை விடுபட்டு, 15,841 தொற்றுகள் உரிய நாளில் கணக்கில் வராமல் போயின. மாற்றிக்கொள்வது ஒரு முறை ‘சேவ் அஸ்’ செய்யும் வேலைதான்.

கேள்வி: எக்செல் வாங்க வசதியில்லை. இலவச மென்பொருளில் கற்றால் வேலைக்குப் பயன்படுமா?
– வேலை தேடும் பட்டதாரி, ராமநாதபுரம்

பதில்: தாராளமாகப் பயன்படும். இந்தப் பகுதியில் சொன்ன சம், இஃப், விலுக்கப், ரவுண்ட், டாலர் குறி அனைத்தும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் கூகுள் ஷீட்ஸிலும் அதே பெயரில், பெரும்பாலும் அதே முறையில் இயங்குகின்றன. இணையம் இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் தொடங்கி, உலாவியிலேயே எக்செலின் இணையப் பதிப்பையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கைப்பேசியில் பார்க்கலாம், சிறு திருத்தம் செய்யலாம். சூத்திரம் கற்பதற்கு மட்டும் விசைப்பலகையுள்ள கணினியை, நூலகத்திலோ நண்பரிடமோ கிடைத்தாலும், தேடிக்கொள்ளுங்கள். சில கணினிகளின் வட்டார அமைப்பில் சூத்திரத்துக்குள் காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி இட வேண்டியிருக்கும். சரியாக எழுதிய சூத்திரத்தை மென்பொருள் ஏற்க மறுத்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.